ஆகாத கை

விழிப்புப் பெட்டி மூன்றாவது முறையாகச் சிவப்பு காட்டியபோது மங்கையர்க்கரசிக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஈரோடு சந்திப்பில் ரயில் ஓட்டுநர்கள் வேலைக்கு வந்ததைப் பதிவு செய்யும் அறை. அதன் மூலையில் இருந்தது அந்தப் பெட்டி. ஒரு காலத்தில் குழாயில் ஊதிக் காட்டினால் போதும். குடித்திருக்கிறாரா இல்லையா என்பதோடு சோதனை முடிந்துவிடும். இப்போது ஊதியும் காட்ட வேண்டும், பெட்டிக்குள் முகத்தை வைத்து அங்கே ஓடுகிற புள்ளிகளைக் கண்ணால் துரத்தியும் காட்ட வேண்டும். ஆள் விழித்திருக்கிறாரா, விழித்திருப்பதாக நடிக்கிறாரா என்று அது கண்டுபிடித்துவிடும். அதை ஏமாற்றியவர் என்று இதுவரை யாரும் இல்லை.

பயணி ரயில்களெல்லாம் தாமாகவே ஓடப் பழகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சரக்கு வண்டிக்கு மட்டும் இன்னும் ஆள் தேவைப்பட்டது. நிலக்கரிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஜோலார்பேட்டை வழியிலுள்ள லோகூர் மலையேற்றத்தில் ஏறி, மறுபக்கம் பதமாக இறக்குவதற்கு இயந்திரத்தை நம்ப மேலிடத்துக்கு மனம் வரவில்லை. அந்த வேலையை அரசி பல வருடமாகச் செய்துவந்தாள். கல்யாணத்துக்காக வீட்டை எதிர்ப்பதற்கு முன்னாலேயே, வீட்டை எதிர்த்துப் பிடித்த வேலை அது.

பணிப்பொறுப்பாளர் தாமோதரன் நல்ல மனிதர். அவர் பெட்டியைப் பார்த்தார், அரசியைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"அரசிம்மா, நானும் எத்தன தடவதான் 'ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க'ன்னு சொல்றது? இன்னொருக்கா செவப்பு வந்தா உங்களை இஞ்சின்ல ஏத்த எனக்கு அதிகாரமில்லீங்க. அப்பறம் மேசைதான்."

"எவ்வளவு நாளைக்குங்க மேசை?"

"ஓய்வு பெறுற வரைக்கும்."

அரசி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தெரியும். கடலை விற்கிறவர் வந்து எழுப்பினார்.

இந்த அசதி வந்து இரண்டு வருடமாகிறது. வேலை செய்து வருகிற அசதி இல்லை இது. காலையில் கண் விழிக்கும்போதே நாலு ஆள் வேலையை முடித்துவிட்டு எழுந்தது மாதிரி இருக்கும். இரத்தம் சோதித்தார்கள், தைராய்டு சோதித்தார்கள், தூங்கும்போது மூச்சு சரியாக வருகிறதா என்று ஒரு ராத்திரி முழுக்க ஒயர் மாட்டிப் படுக்க வைத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, அவளைத் தவிர. தெரிந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி, புருஷன் வேலை வெட்டியெல்லாம் செய்து தருவதால்தான் உடம்பு சுகம் கண்டுவிட்டது என்றாள். அவளிடம் மட்டும் அரசி இரண்டு நாள் பேசவில்லை.

புருஷன் செய்து தருவது உண்மைதான். அவள் கணவன் சென்னியப்பன் கருங்கல்பாளையத்தில் வீட்டின் முன்பக்கத்திலேயே மாவுக்கடை வைத்திருந்தான். இட்லி மாவு. அரிசியும் உளுந்தும் தனித்தனியாக கிரைண்டரில் அரைபட்டதும் அண்டாவில் சேர்த்து, உப்புப் போட்டு, முழங்கை வரை கழுவிய கையை உள்ளே விட்டுக் கலக்குவான். கரண்டியால் கலக்கினால் மாவு பொங்காது என்பது அவன் கட்சி. அந்தத் தெருவின் கட்சியும் அதுதான். சென்னியப்பன் கைக்கு மாவு பொங்குகிற மாதிரி எவன் கைக்கும் பொங்காது என்று சொல்லி, ஆற்றுப்பாலம் தாண்டியெல்லாம் வந்து வாங்கிப் போவார்கள்.

டாக்டர் எஸ்தர் நாசரேத்துக்காரர். கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்தவர். உணவு வைத்தியம்தான் அவர் துறை. முதல் சிவப்பு விழுந்த கையோடு அரசியும் சென்னியப்பனும் அவர் எதிரே போய் உட்கார்ந்தபோது, ஒரு தட்டில் மிளகு அளவில் ஒரு மணியை வைத்துக் காட்டினார்.

"இதை முழுங்கிடணும். குடல்ல ஒரு மடிப்புல போய் உக்காந்துக்கும். ஆறு மாசம் இருந்துட்டு அதுவா போயிடும். அதுவரைக்கும் என்ன சாப்பாடு வருது, வந்தபிறகு உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துட்டே இருக்கும்."

"வேவு பாக்குறதுங்களா?" என்றான் சென்னியப்பன்.

"வேவுதான். எல்லாரும் வேவுமணின்னுதான் சொல்றாங்க."

"இவளுக்கு அலர்ஜி எதுவும் இல்லைன்னு பெரிய ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்களே டாக்டர்."

"அலர்ஜின்னா உடம்பு உடனே சண்டைக்கு வந்துடும். தடிப்பு வரும், மூச்சு முட்டும். நமக்கும் தெரிஞ்சிடும். இது வேற மாதிரி. ஏத்துக்க முடியாத ஒண்ணை வெளிய காட்டிக்காம உடம்பு உள்ளுக்குள்ளயே சமாளிக்குது. அதுக்கே சக்தியெல்லாம் செலவாயிடுது. மிச்சம் இருந்தாத்தானே உங்களுக்கு?"

அரசிக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. ஒரு வகையில் தன் குடும்பத்துக் கதையையே யாரோ சொன்னதாகப் பட்டது.

ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். பாலை நிறுத்தியதில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால் பெட்டிக்கு அந்தத் தெளிவு போதவில்லை. கோதுமையை நிறுத்தினார்கள், கடலையை நிறுத்தினார்கள், கத்தரிக்காயை நிறுத்தினார்கள், புளிக்குப் பதில் எலுமிச்சை வந்தது. சென்னியப்பன் ஒன்றையும் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் அவளுக்கென்று தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று ஆக்கிவிட்டான். அவள் சோர்ந்து கிடக்கிற நாளில் இரட்டிப்பு அக்கறை எடுத்துக்கொண்டான். அரிசியைக் குழைய வடித்து, பாலில்லாத தயிரைத் தேங்காயிலிருந்து தானே உறையவைத்து, கையாலேயே வழுவழுவென்று பிசைந்து, மெல்லக்கூட வேண்டாத பதத்தில் தூக்குப்போசியில் போட்டுக் கொடுப்பான். அவள் சாப்பிட்டு முடித்ததும் இன்னும் சோர்வாள். சோர்வைப் பார்த்து அவன் இன்னும் நன்றாகப் பிசைவான்.

எஸ்தரிடம் அரசி ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஜோலார்பேட்டைக்குப் போய் அங்கே ஓட்டுநர் ஓய்வறையில் இரண்டு மூன்று நாள் தங்கினால் அவள் தெம்பாகிவிடுவாள். அங்கேயும் இட்லிதான், அங்கேயும் தயிர்ச்சோறுதான், அதுவும் மட்டமான சோறு. ஆனால் கண் பளிச்சென்று இருக்கும். வீடு திரும்பிய மறுநாள் மறுபடி பழைய கதை. தனக்கு அலுத்துப்போனது சோறில்லை, சென்னியப்பன்தான் என்று அவள் பயந்தாள். அவனுக்காக எல்லாரையும் விட்டுவிட்டு வந்தவள், அதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்லுவாள்?

மூன்றாவது சிவப்பு விழுந்த பிறகுதான் சொன்னாள். எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துதுங்க."

"வெக்கப்பட ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக்காரரை நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. வரும்போது கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம்னு சொல்லுங்க."

ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே தண்ணீர். மூன்று பாத்திரம். ஒன்றை இயந்திரம் கலக்கியது, ஒன்றை எஸ்தரின் உதவியாளர் கலக்கினார், ஒன்றை சென்னியப்பன் கலக்கினான். இடையில் நாள் விட்டு விட்டு அரசி மூன்றையும் சாப்பிட்டாள். மணி அவள் வயிற்றுக்குள்ளிருந்து மூன்றுக்கும் சேதி அனுப்பியது. அதற்குப் பிறகு எஸ்தர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"எல்லார் கைலயும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கு. ஆளாளுக்கு வேற வேற. கையால கலக்கும்போது அது மாவுக்குள்ள போகுது. ராத்திரி முழுக்கப் பெருகுது. அதனாலதான் உங்க மாவு அப்படிப் பொங்குது, அந்த ருசியும் அதனாலதான். பெருகும்போது அது ஒரு பொருளை உண்டாக்குது. இட்லி வெந்தா உயிர் செத்துடும். அந்தப் பொருள் அப்படியே இருக்கும். அதை உடைக்க இவங்க உடம்புக்குத் தெரியல."

சென்னியப்பன் மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தான்.

"நல்லாக் கழுவுனா போவாதுங்களா?"

"போகும். ரெண்டு மணி நேரத்துல திரும்பி வந்துடும். அது அழுக்கு இல்ல சார். உங்க கையில குடித்தனம் பண்றது."

"அப்ப இத்தன நாளா இவளைப் படுக்க வெச்சது நாந்தானுங்களா?"

"நீங்க இல்ல."

"என்ற கைதானுங்களே."

எஸ்தர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். வேறு ஒன்று கேட்டார். இந்தக் கையின் சோதனை முடிவைப் பத்திரப்படுத்தி வைக்கலாமா, வேறு யாருக்காவது பயன்பட்டால் அவன் பேரைச் சொல்லலாமா என்று கேட்டார். "வெச்சுக்குங்க" என்றான் அவன், காதில் வாங்கியும் வாங்காமலும்.

தன் கையைப் பற்றி மற்றவர்கள் பேசுவது சென்னியப்பனுக்குப் புதிதில்லை. அவன் சாதி வேறு. அரசியின் வீட்டார் பெருந்துறைப் பக்கம் தோட்டம் துரவோடு இருக்கிறவர்கள். கல்யாணமான புதிதில் உறவுக்காரர் ஒருவர் நடுவில் நின்று, அரசியின் அண்ணன் நாச்சிமுத்துவைச் சமாதானத்துக்குக் கூட்டிவந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறவு வேண்டாமென்று இருக்கிற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை கழுவிவிட்டு இலைமுன் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், உறவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சென்னியப்பன் அன்று விடியற்காலையிலேயே எழுந்து எல்லாவற்றையும் தானே சமைத்திருந்தான். நாச்சிமுத்து பேசினான், சிரிக்கக்கூடச் சிரித்தான், இலை போட்டதும் எழுந்து போய்விட்டான். "அந்தக் கையில எப்படிச் சாப்புடறது?" என்று அவன் வாசலில் அந்த உறவுக்காரரிடம் கேட்டது உள்ளே இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகு அவன் வரும்போதெல்லாம் வாசல்கேட்டைத் தாண்டியதில்லை. தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஆகவே, கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் சென்னியப்பன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"உங்கண்ணனுக்கு இது தெரிய வேண்டாம் புள்ள."

கை படாத சாப்பாட்டுக்கு மாறிய பிறகு அரசி எழுந்துகொண்டாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் படுத்துக் கிடந்த யாரோ அவளுக்குள் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். மாடிப்படியில் நிற்காமல் ஏறினாள். துணி மடித்தாள். காலையில் விழித்ததும் பசித்தது. பெட்டிக்குள் முகத்தை வைத்தபோது புள்ளிகள் ஓடுவதற்கு முன்பே அவள் கண் அங்கே போய் நின்றது. பச்சை விழுந்தது. தாமோதரன் எழுந்து வந்து கைகொடுத்தார். அன்றைக்கு லோகூர் இறக்கத்தில் பிரேக்கை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து வண்டியை அவள் இறக்கியபோது, பக்கத்திலிருந்த உதவி ஓட்டுநர் இந்த அம்மா எதற்குத் தானாகச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தான்.

அதைச் சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தாள். சென்னியப்பன் கேட்டுச் சந்தோஷப்பட்டான். உண்மையாகவே பட்டான். ஆனால் மூன்றடி தள்ளி நின்று பட்டான்.

"தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலீங்களே" என்றாள் அரசி. "புளிச்ச சாப்பாட்டுல கை படக் கூடாது, அவ்வளவுதானுங்க."

"தெரியும்."

"அப்பறம் என்னுங்க?"

"தெரியுது புள்ள. கைக்குத் தெரியமாட்டேங்குது. உன்ற பக்கம் வந்தாவே தானாப் பின்னால போயிருது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவன் இருக்க விட்டான், ஆனால் விரல்களை மடக்கியே வைத்திருந்தான். அரசிக்கு மனசு விட்டுப்போயிற்று. தெம்பு திரும்பி வந்ததற்குக் கொடுத்த விலை கொஞ்சம் அதிகமோ என்று முதல் தடவையாக நினைத்தாள். வருடத்துக்கு ஒருநாள், லீவு நாளில், ஒரு இட்லி சாப்பிட்டால் என்ன என்று எஸ்தரைக் கேட்டும் பார்த்தாள். உடம்புக்குச் சமாளிக்கிற பழக்கம் விட்டுப்போய்விட்டது, இனி ஒரு இட்லிக்கே மூன்று வாரம் பெட்டி சிவப்பு காட்டும் என்றார் எஸ்தர். ரயிலா இட்லியா என்று அவர் கேட்கவில்லை. அவளேதான் கேட்டுக்கொண்டாள், ரயில் என்று சொல்லிக்கொண்டாள், அப்படிச் சொன்னதற்காக யாரும் திட்டமாட்டார்கள் என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

இதற்குள் வேவுமணி ஊரெல்லாம் பரவிவிட்டது. பலருக்கு அது நிஜமாகவே வாழ்வு கொடுத்தது. எழுந்து நிற்க முடியாமல் லீவிலேயே இருந்த ஒரு டீச்சர் மறுபடி வகுப்பெடுத்தார். எதைச் சாப்பிட்டாலும் சுருண்டு படுக்கிற குழந்தைகள் பந்தாடின. எஸ்தரின் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் ஆட்களிடம் ஒரு கத்தியைக் கொடுத்தால் காய் மட்டுமா நறுக்குவார்கள்? யார் கை ஆகும், யார் கை ஆகாது என்று கேட்பதற்கு இத்தனை காலம் கொஞ்சம் கூச்சமாவது இருந்தது. இப்போது விஞ்ஞானமே கேட்கச் சொல்கிறதே. சமையல்காரரை அமர்த்துகிறவர்கள் முதலில் கையைக் கேட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், ஜாதகத்தோடு பெண்ணின் கைச் சோதனையையும் கேட்டார்கள். மணியே விழுங்காதவர்கள்கூட, "எனக்கு அவங்க கை ஆகாதுங்க" என்று பந்தியிலிருந்து எழுந்தார்கள். அப்படி ஆகாமல் போன கைகள் பெரும்பாலும் யாருடைய கைகள் என்று கணக்கெடுத்தால் எல்லாருக்கும் தெரிந்த விடைதான் வரும். கணக்கெடுக்க யாரும் வரவில்லை.

சென்னியப்பன் முந்திக்கொண்டான். யாரும் வந்து சொல்வதற்குள் அண்டாவுக்கு எஃகுத் துடுப்பு வைத்த கலக்கும் மெஷினை வாங்கிப் போட்டுவிட்டான். 'கை படாத மாவு' என்று கடைமுன் எழுதியும் வைத்தான். மாவு பொங்கியது, சுமாராக. ஆற்றுப்பாலம் தாண்டி வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அவன் கல்லாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தெரிய வேண்டாமென்று நினைத்த ஆளுக்குத்தான் இந்த மாதிரி விஷயங்கள் முதலில் தெரியும். நாச்சிமுத்து காரில் வந்து கேட் அருகே நின்றான். முகம் வாடி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினான்.

"உன்ற ஒடம்பு தேவலையா அம்மிணி?"

"தேவலைங்கண்ணா. உள்ள வாங்க."

"இருக்கட்டும். அன்னிக்கே சொன்னனல்லோ, அந்தக் கை ஆகாதுன்னு. நாஞ் சொன்னா சாதி பேசறன்னீங்க. இப்ப மிசினே சொல்லுது. கெளம்பி நம்மூட்டுக்கு வா. நல்ல சோறு தின்னுட்டு வேலைக்குப் போ."

அரசிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோபம் அண்ணன்மீது பாதி, தன் வயிற்றின்மீது பாதி. அவன் அத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்த சாட்சியைத் தன் குடலே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

"அண்ணா, அவர் கையில இருக்கறது எனக்கு ஆகல. ஊருக்கு ஆகலைன்னு எந்த மிசினும் சொல்லல. என்ற ஒடம்புல இருக்கற குறைக்கு அவரை ஏன் பேசறீங்க?"

"கோவிச்சுக்காத. நாயமாத்தான் சொல்றன்."

"நாயம் பேசறவங்க உள்ள வந்து பேசுங்க. கேட்டுல நிக்கறவங்களுக்கு நாயம் கிடையாது."

அவன் காருக்குத் திரும்பினான். நாலடி நடப்பதற்குள் கேட் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதை அவள் கவனித்தாள். அந்த அசதி அவளுக்குத் தெரிந்த அசதி. கோபத்தோடேயே, "எஸ்தர்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க, போய்ப் பாருங்க" என்று கத்தினாள்.

சில மாதங்கள் கழித்து, ஒரு மத்தியானம், நாச்சிமுத்து மறுபடி வந்தான். இந்தத் தடவை டிரைவர் கையைப் பிடித்துத்தான் இறங்கினான். கேட்டில் நின்றான். கேட்டைத் திறந்தான். தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அரசி சென்னியப்பனைப் பார்த்தாள். அவன் சுவரோரம் கையைக் கட்டி நின்றிருந்தான்.

நாச்சிமுத்துதான் ஆரம்பித்தான்.

"டாக்டரம்மாகிட்டப் போனன். உனக்கு எது எச்சாப் போயி படுத்துதோ, எனக்கு அதே சாமான் பத்தலையாம். என்ற ஒடம்பு அதை உண்டாக்கறதில்லையாம். மாத்தரைல வராதாம். சாப்பாட்டுல வந்தாத்தான் ஒட்டுமாம். அதை உண்டாக்கற கை ஆயிரத்துல ஒண்ணுதான் இருக்குமாம்."

"அப்படீங்களா" என்றாள் அரசி. அவளுக்குப் புரியத் தொடங்கியிருந்தது.

"பேரு கேட்டன். சொன்னாங்க." நாச்சிமுத்து தரையைப் பார்த்தான். "ரெண்டு மாசமா நம்ம தோட்டத்து ஆளை உட்டு இங்கருந்துதான் மாவு வாங்கித் தின்னுட்டு இருக்கறன். யாருக்கும் சொல்லல. ஒரு மாத்தமும் இல்ல. மறுக்காப் போயி டாக்டரம்மாகிட்டச் சண்டை போட்டன். அப்பறந்தான் அந்த மாவுல கையே படலைன்னு தெரிஞ்சுது."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். திருட்டுத்தனமாக வாங்கித் தின்றும் பலிக்காமல் போனதில் அவனுக்குள் ஒரு பழைய முள் லேசாக அசைந்து கொடுத்தது.

நாச்சிமுத்து தலையை நிமிர்த்தினான். அவன் வாயிலிருந்து அதுவரை அந்த வீட்டில் கேட்டிராத வார்த்தை வந்தது.

"மாப்ள, மாவுல கை வெக்கோணும்."

கடைத்தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். சென்னியப்பன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"வெக்கறனுங்க. ஆனா குடுத்தனுப்ப முடியாது. நாளைக்குக் காலைல இங்க வந்து, இங்கயே உக்காந்துதான் சாப்புடோணும்."

"எதுக்கு?"

"மாவு பயணம் போனா மாறிரும். வேலை செய்யாது."

அது பொய். அவன் பிசைந்த சோறு தூக்குப்போசியில் லோகூர் வரைக்கும் பயணம் போய் அவளைப் படுக்கவைத்திருக்கிறது. அரசி வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை அவன் சட்டைக்கையை மடித்துவிட்டு, முழங்கை வரை கழுவி, மெஷினை நகர்த்திவைத்துவிட்டு அண்டாவில் கையை விட்டான். முதலில் விரல்கள் மடங்கியே இருந்தன. பிறகு விரிந்துகொண்டன. மாவை அடியிலிருந்து அள்ளி மேலே விட்டு, மறுபடி அள்ளி, வேகம் பிடித்ததும் அவன் தோள் ஆட ஆரம்பித்தது. அரசி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். எத்தனை நாள் கழித்து அவனை அவனாகப் பார்க்கிறோம் என்றிருந்தது. சந்தோஷம்தான்.

காலையில் நாச்சிமுத்து வந்தான். குழாயடியில் நின்று கையை நனைத்துக் கழுவினான். தேவைக்கு அதிகமாகவே கழுவினான். இலைமுன் உட்கார்ந்தான். சென்னியப்பன் ஆவி பறக்க நாலு இட்லி வைத்தான். எதிரே அரசி தன் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். சாமைச் சோறும் வெந்த சுரைக்காயும், அவளே சமைத்தது. மத்தியானம் அவளுக்கு வண்டி இருந்தது.

நாச்சிமுத்து விரலால் இட்லியைத் தொட்டான். எடுக்கவில்லை.

"மாப்ள, அன்னிக்கு நான் எந்திரிச்சுப் போனது..."

"சட்னி போடட்டுங்களா?" என்றான் சென்னியப்பன்.

"போடுங்க."

சட்னி விழுந்தது. நாச்சிமுத்து பிட்டு வாயில் வைத்தான். மென்றான். விழுங்கினான். அடுத்ததைப் பிட்டான். சென்னியப்பன் அடுப்புப் பக்கம் திரும்பி, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

இதைப் பார்க்க அரசி எத்தனையோ வருடம் காத்திருந்தாள். அண்ணன் இந்த வீட்டில் இலைமுன் உட்கார வேண்டும், இந்தக் கையால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அது நடக்கும்போது தானும் பக்கத்தில் அதே இட்லியோடு உட்கார்ந்திருப்போம் என்பதை அவள் தனியாகக் கேட்டு வைக்கவில்லை. கேட்டு வைக்க வேண்டிய விஷயமென்று யாருக்குத் தெரியும்?

"எப்படி இருக்குதுங்கண்ணா?"

"நல்லாருக்குது அம்மிணி."

"நல்லான்னா?"

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தான். தங்கை கிண்ணத்தைத் தொடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லான்னா... நல்லா மெத்துனு இருக்குது."

"அது கண்ணுக்கே தெரியுதுங்களே. மொதல்ல ஒரு இனிப்பு வருதுங்களா? வந்து, அது போன பொறகுதான் புளிப்பு தெரியும். நாக்கோட ரெண்டு ஓரத்துலயும். அது இருக்குதுங்களா?"

வாழ்நாளில் சாப்பாட்டைப் பற்றி நல்லா இருக்குது, நல்லா இல்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியறியாத மனிதன் அவன். இலையைப் பார்த்தான். அடுப்பருகே துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டதைப் பார்த்தான். பிறகு சட்னி படாத ஓரமாக ஒரு துண்டைப் பிட்டு எடுத்தான்.

"இரு அம்மிணி. மறுக்காத் தின்னு பாத்துச் சொல்றன்."

கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தான். அரசி தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் வாய் திறக்கக் காத்திருந்தாள்.